பூனைக்காலி விதைக்கும் அளவு உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூளைத் தேய்வு நோய்களை ஆயுர்வேதம் எவ்வாறு நோக்குகிறது என்பது பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதத்தோடு ஆறு ஆண்டுகளாக வாழும் தந்தையாரைக் கவனித்து வருகிறேன். ஓய்வு பெறும் வரை பள்ளியில் வேதியியல் கற்பித்தேன். கட்டுரையின் பெரும்பகுதி எனக்கு உடன்பாடானதே. பூனைக்காலி விதை மூலிகை என்பதால் பக்க விளைவுகள் இல்லாதது என்று அதில் வந்த ஒரு வரியை மட்டும் என்னால் கடந்து போக முடியவில்லை.

ஆயுர்வேதத்தைத் தாழ்த்துவது என் நோக்கமன்று. வாதத்திற்கே உரியவை என்று ஆயுர்வேத மூலநூலான சரகசம்ஹிதை எண்ணும் எண்பது நோய்களுள் நடுக்கத்தைக் குறிக்கும் 'வேபது' ஒன்று. நோய்க்குறிகளைக் கூறும் மாதவநிதானம் தலையும் உடல் முழுதும் நடுங்குவதை அதே பெயரால் வரையறுக்கிறது. பிற்காலத்தில் தெலுங்கு நாட்டில் எழுந்த பசவராஜீயம், கைகால் நடுக்கத்தோடு உறக்கம் கெடுவதையும் அறிவு மங்குவதையும் கம்பவாதத்தின் குறிகளாகச் சேர்க்கிறது. 1817இல் இந்நோயை விவரித்து நூல் எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்றே கருதினார். நோய் முற்றும்போது நினைவும் சிந்தனையும் பலருக்குத் தளர்கின்றன என்பதை இன்றைய மருத்துவம் ஒப்புக்கொள்கிறது. இந்த ஒரு குறியில் பசவராஜீயத்தின் கண் கூர்மையாக இருந்தது என்று பெருமையோடு சொல்லலாம்.

உடலைத் தாங்கும் தாதுக்கள் தேய்வதாலும், தன் பாதை அடைபடுவதாலும் வாயு, அதாவது வாதம், கெடுகிறது என்கிறார் சரகர். நடுமூளையில், அசைவுக்கு வேண்டிய டோபமைன் சுரக்கும் உயிரணுக்கள் அழிவதையும் அவர் சொல்லும் தாதுத் தேய்வையும் ஒன்றென்று முடிவு கட்டக் கூடாது. ஆனாலும் வாயுவின் முதன்மை இருப்பிடம் பெருங்குடல் என்று அந்நூல்கள் கூறுவதைப் படித்தபோது நான் சற்று நேரம் யோசித்தேன். என் தந்தையாருக்குக் கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தீராத மலச்சிக்கல் இருந்தது. இந்நோயாளிகள் பலரிடமும் இந்த முன்னறிகுறி காணப்படுகிறது. நோய் குடலைச் சார்ந்த நரம்புகளில் தொடங்கி மூளைக்கு ஏறக்கூடும் என்ற கருதுகோளை ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் ஹைக்கோ பிராக் 2003இல் முன்வைத்தார். அது எல்லா நோயாளிகளுக்கும் பொருந்துமா என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது.

பூனைக்காலிக்கு வருகிறேன். காயின் சுணை மேலே பட்டால் தோல் தாங்காது; உள்ளிருக்கும் விதையை நம் வைத்தியர்கள் பாலில் வேகவைத்து, தோல் நீக்கிச் சுத்தி செய்து பயன்படுத்துவார்கள். அவ்விதையிலிருந்து, உடலில் டோபமைனாக மாறும் லெவோடோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்த செய்தியை தாமோதரன், ராமசாமி என்ற இரு ஆய்வாளர்கள் 1937இல் சென்னையிலிருந்து வெளியிட்டார்கள். அந்தப் பொருள் நடுக்குவாதத்திற்கு மருந்தாகும் என்பது நவீன மருத்துவத்துக்கு அப்போது தெரியாது. இருபது ஆண்டுகள் கழித்து, ரெசர்பின் என்ற மருந்து கொடுக்கப்பட்டு அசைவற்றுக் கிடந்த முயல்களை லெவோடோபா எழுப்பிவிடுவதை ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் காட்டினார். அந்த ரெசர்பினும் நம் சர்ப்பகந்தா வேரிலிருந்து கிடைத்ததே.

ஆக, என் தந்தையார் விழுங்கும் மாத்திரையில் உள்ள லெவோடோபாவும் பூனைக்காலிச் சூரணத்தில் உள்ளதும் ஒரே மூலக்கூறு. இதை நாங்கள் அறியாமல் செய்த தவறு எங்களுக்கு நிறைய வலியைக் கொடுத்தது. உறவினர் ஒருவர் அன்போடு வாங்கி வந்த சூரணத்தைக் காலையும் மாலையும் ஒரு தேக்கரண்டி பாலில் கலந்து கொடுத்தோம். முதல் இரண்டு வாரங்களில் சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொண்டார். வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். பிறகு மருந்து உண்ட ஒரு மணி நேரத்தில் கழுத்தும் தோளும் தாமாக முறுக்கி நெளியத் தொடங்கின. குமட்டல் வந்தது; எழுந்து நின்றால் தலை சுற்றிற்று. நரம்பியல் மருத்துவர் மாத்திரை அதிகமாகிவிட்டது என்று எண்ணி அளவைக் குறைத்தார். அவர் கேட்கவில்லை; நாங்களும் சூரணத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அடுத்த மாதம் வெளியூர் சென்றிருந்தபோது சூரணம் தீர்ந்துவிட்டது. குறைத்த மாத்திரை மட்டும் போதாமல் இரண்டு நாள் படுக்கையில் புரளவும் முடியாமல் விறைத்துக் கிடந்தார். லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் கடுங்காய்ச்சலும் தசை விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

கணக்கைப் பாருங்கள். விதையில் லெவோடோபா ஏறத்தாழ 3 முதல் 6 விழுக்காடு வரை இருக்கிறது. செடிக்குச் செடி, பக்குவத்திற்குப் பக்குவம் மாறும். 4 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 5 கிராம் சூரணத்தில் 200 மில்லிகிராம். அதைத் தனியாக உண்டால் பெரும்பகுதி மூளையை அடையும் முன்பே உடலில் டோபமைனாக மாறிவிடும். குமட்டலுக்கும் அதுவே காரணம். ஆனால் மாத்திரையில் லெவோடோபாவோடு கார்பிடோபா என்ற துணை மருந்தும் சேர்ந்திருக்கிறது. மூளைக்கு வெளியே நிகழும் அந்த மாற்றத்தைத் தடுப்பது அதன் வேலை. சூரணத்திலுள்ள லெவோடோபாவுக்கும் அது அதே காவலைத் தருகிறது. மாத்திரையோடு சேரும்போது ஒரு தேக்கரண்டியின் வலிமை நாம் நினைப்பதைவிடப் பல மடங்கு ஏறுவது இதனால்தான். பால் இன்னொரு சிக்கல். பாலின் புரதமும் லெவோடோபாவும் குடலில் ஒரே வாயிலுக்குப் போட்டியிடுவதால், மருந்து ஒரு நாள் கூடியும் ஒரு நாள் குறைந்தும் சேரும்.

பூனைக்காலி வேலை செய்யும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2004இல் வெளியான லண்டன் ஆய்வொன்றில், நோயாளிகள் எண்மருக்கு, உண்பது எந்த மருந்து என்று தெரியாத வகையில் கொடுத்துப் பார்த்தபோது, வழக்கமான மாத்திரையைவிட விரைவாகத் தொடங்கி நீண்ட நேரம் நின்றது. 2000இல் வெளியான கேரள ஆய்வொன்று எனக்கு இன்னும் சுவையானது. பதினெட்டு நோயாளிகளுள், முதலில் உடல் சுத்தி சிகிச்சை பெற்றுப் பின்னர் மருந்துண்ட 13 பேர் தெளிவாகத் தேறினர்; சுத்தியின்றி மருந்து மட்டும் உண்ட ஐவரிடம் அந்த அளவு முன்னேற்றம் இல்லை. கொடுத்த மருந்தைப் பகுத்துப் பார்த்ததில் ஒரு வேளைக்குச் சுமார் 200 மில்லிகிராம் லெவோடோபா இருந்தது. குடலைச் சீர் செய்த பின் மருந்து கொடுக்க வேண்டும் என்ற பழைய முறையில் பொருள் உண்டு என்றே நான் நம்புகிறேன். பதினெட்டுப் பேரை வைத்து அதை உறுதிப்படுத்த இயலாது. பெரிய ஆய்வுகள் வேண்டும்.

மறதி நோய்க்குக் கட்டுரை பரிந்துரைத்த வல்லாரை, அதிமதுரம், சீந்தில், சங்கபுஷ்பி ஆகியவை அறிவை வளர்ப்பவை என்று சரகர் கூறும் மேத்திய ரசாயனங்களே. அவை அல்சைமர் நோயைத் தடுத்து நிறுத்துகின்றன என்று சொல்லப் போதிய சான்று இல்லை. மூளை நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை மருந்து விளம்பரங்கள் பற்றிய 1954ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமே தடை செய்திருப்பதையும் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கலாம்.

இப்போது எங்கள் ஊரில் பட்டம் பெற்ற ஆயுர்வேத மருத்துவர் ஒருவர் தந்தையாரைப் பார்க்கிறார். முதல் நாளே நரம்பியல் மருத்துவரின் சீட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார். மாத்திரை தொடரும் வரை பூனைக்காலி வேண்டாம் என்றார். எண்ணெய்த் தேய்ப்பு, ஒற்றடம், மலச்சிக்கலுக்கான உணவு, உறங்கும் முறை ஆகியவற்றை அவர் பார்த்துக்கொள்கிறார். தந்தையாரின் இரவுகள் இப்போது ஓரளவு அமைதியாகக் கழிகின்றன.

நாங்கள் வாங்கிய புட்டியில் விதையின் பெயரும் எடையும் இருந்தன; லெவோடோபா எவ்வளவு என்பது இல்லை. அதை அச்சிட வேண்டும் என்று தங்கள் இதழ் எழுதினால் பல வீடுகளுக்கு உதவியாகும். அடுத்த இதழில் அக்கட்டுரைக்கு ஒரு திருத்தமும் வெளியிட வேண்டுகிறேன்: பூனைக்காலி விதையில் லெவோடோபா உள்ளது, நடுக்குவாதத்திற்கு மாத்திரை உண்பவர்கள் தங்கள் இரு மருத்துவர்களிடமும் சொல்லாமல் அதைத் தொடங்கவோ, தொடங்கியதைத் திடீரென நிறுத்தவோ கூடாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தஞ்சாவூர்