சோளத்தின் புண்ணுக்கு

நாகமலை புதுக்கோட்டை
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் அழுதபோது "சரியாயிடும் தாயி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் எனக்குத் தூக்கமே வரவில்லை. நீ வளர்க்கிற பாம்பு, உன் சோளத்தின் புண்ணை எடுத்து அனுப்பிய படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கவாட்டில் மூன்று செதில் உரிந்திருக்கிறது, அடியில் இளஞ்சிவப்பாகத் தோல் தெரிகிறது. சதை தெரியவில்லை, வீக்கமும் இல்லை. இது ஆறுகிற புண். முதலில் நீ தைரியமாக இரு.

முப்பது வருஷம் கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்தவன் நான். ஜல்லிக்கட்டு முடிந்த மறுநாள் அலங்காநல்லூர், பாலமேடு பக்கமிருந்து காளைகளைப் பிடித்து வருவார்கள். கிழிந்த தோலும் கொம்புக் குத்தும் எவ்வளவோ பார்த்தாயிற்று. ஆனாலும் பாம்புக்குப் புண் பார்க்க எனக்குத் தெரியாது என்பதைப் போன ஐப்பசியில்தான் தெரிந்துகொண்டேன். அதை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை.

தோட்டத்தில் மயில் இறங்காமல் இருக்க நைலான் வலை கட்டியிருந்தோம் இல்லையா, அதில் ஒரு சாரை மாட்டிக்கொண்டது. ஆறடி இருக்கும். இழுக்க இழுக்க வலை இறுகி, இடுப்பைச் சுற்றி வளையம் போட்டதுபோல் செதில் போயிருந்தது. கத்தரிக்கோலால் ஒவ்வொரு கண்ணியாக வெட்டி எடுத்தேன். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டேன். அவர்கள் வருவதற்குள் சும்மா இருக்க மனசு வரவில்லை. மாட்டுக்குப் போடுகிற பழக்கத்தில் வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்து அந்த வளையத்தில் அப்பிச் சாக்கில் விட்டேன். ஒரு மணி நேரத்தில் எண்ணெயில் மண் ஒட்டி, சாக்குத் தூசி ஒட்டி, கட்டெறும்பு மொய்த்துவிட்டது. அதை வாங்கிப் பார்த்த டாக்டர் முதலில் செய்த வேலை, நான் பூசியதை எல்லாம் உப்புக் கரைசலால் கழுவியதுதான். "அண்ணே, இதுக்கு மருந்தைவிடச் சுத்தமும் சூடும்தான் முக்கியம்" என்றார். சில வாரம் கழித்து மலையடிவாரத்தில் விட்டதாகச் சொன்னார்கள். அன்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் உனக்கு எழுதுகிறேன்.

தொட்டிக்குள் போட்டிருக்கும் மரத்தூளை எல்லாம் இன்றே அள்ளிவிடு. சமையலறைக் காகிதத்தை விரித்து, அழுக்கானதும் மாற்று. தூள் புண்ணில் ஒட்டாது, ரத்தமோ நீரோ கசிந்தால் வெள்ளைக் காகிதத்தில் உடனே தெரியும். பீட்டாடினை அப்படியே ஊற்றாதே. தண்ணீர் விட்டு விட்டு, பால் ஊற்றாத தண்ணி டீயின் நிறம் வரும்வரை கலக்கு. பஞ்சில் நனைத்து ஒற்றி எடு, தேய்க்காதே. தினம் ஒரு தடவை போதும். டெட்டால் பக்கமே போகாதே, அந்த வகை மருந்து ஊர்வனவற்றுக்கு விஷம். வலி மரத்துப்போகிற மருந்து சேர்ந்த களிம்பும் வேண்டாம். அம்மா மஞ்சள் வைக்கச் சொல்வாள், அதையும் கேட்காதே. நான் வைத்துப் பார்த்துவிட்டேன்.

சூடு விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். காயம் பட்டால் நமக்கு உடம்பே தன் சூட்டைப் பார்த்துக்கொள்ளும். பாம்புக்கு வெளியிலிருந்து வர வேண்டும். குளிர்ந்து கிடந்தால் புண் ஆறுவது தள்ளிப்போகும், கிருமியை எதிர்க்கிற சக்தியும் குறையும். இங்கிலாந்தில், உன் லீட்ஸில் இப்போது குளிர் என்கிறாய். சோளத்துக்குத் தொட்டியின் ஒரு பக்கம் 28லிருந்து 30 டிகிரி, மறுபக்கம் அதைவிடக் குளுமையாக, எங்கே வேண்டுமோ அங்கே அதுவே போய்ப் படுத்துக்கொள்ளும். ஆனால் அடியில் போட்டிருக்கும் சூட்டு விரிப்புக்கு, சூட்டை அளவோடு நிறுத்துகிற தெர்மோஸ்டாட் இருக்கிறதா? இல்லாவிட்டால் இன்றைக்கே வாங்கு. சுட்டால் நகர்ந்துவிடும் என்று நம்பாதே, வெந்துபோகிற சூட்டிலும் அதன் மேலேயே கிடக்கும். அடிவயிற்றுப் பக்கம் செதில் சிவந்திருக்கிறதா என்று திருப்பிப் பார். அப்படி இருந்தால் அது உரசிய புண் இல்லை, சூட்டுப் புண். உடனே டாக்டரிடம் போ. அங்கே ஒன்றும் இல்லை என்றால், உள்ளே வைத்திருக்கும் கல், மரக்கட்டை எல்லாவற்றின் விளிம்பையும் விரலால் தடவிப் பார். கூராக இருப்பதுதான் கிழித்திருக்கும்.

ஒரு வாரம் இரை போடாவிட்டால் ஒன்றும் ஆகாது. வளர்ந்த பாம்பு, பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு எலி போதும். போடும்போது உறையவைத்த எலியைப் பனி விட்டபின் போடு. உயிர் எலி திருப்பிக் கடித்தால் இதைவிடப் பெரிய புண் வரும். புண் ஆறும்வரை கையில் எடுத்து விளையாடாதே, உனக்குக் கஷ்டம்தான்.

கண் பால் பூத்தாற்போல் மங்கினால் தோல் உரிக்கப் போகிறது என்று அர்த்தம். காயம் பட்ட பாம்பு வழக்கத்தைவிடச் சீக்கிரமே உரிப்பதும் உண்டு. அப்போது ஒளிந்துகொள்ளும் பெட்டியில் மட்டும் ஈரக் காகிதம் வை. தொட்டி முழுக்க ஈரமாக்கினால் கொப்புளம் வரும். புண் இருக்கும் இடத்தில் தோல் சிக்கி நின்றால் நீயாகப் பிடித்து இழுக்காதே.

இன்னொன்று, பாம்பின் சீழ் மாட்டுச் சீழ் மாதிரி ஒழுகாது, பாலாடைக்கட்டி போலக் கெட்டியாக உள்ளேயே நிற்கும். அதனால் ஒழுகவில்லையே என்று இருந்துவிடாதே. தடித்தாலோ, நாற்றம் வந்தாலோ, சுற்றியுள்ள செதில் தூக்கிக்கொண்டாலோ, ஊர்வனவற்றைப் பார்க்கிற டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடு. பணத்தைப் பார்க்காதே, நான் அனுப்புகிறேன்.

இரண்டு வருஷம் பாம்பு வளர்ப்பதை எங்களிடம் மறைத்தாயே, அதுதான் தாயி எனக்கு வலிக்கிறது. நாங்கள் பயப்படுவோம் என்று நினைத்திருக்கிறாய். முதலில் பயந்தோம்தான். இங்கே நம் ஊர்ப் பாம்பை வீட்டில் வைக்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விடாது, அதனால் பாம்பு வளர்ப்பது என்றாலே எனக்குத் திக்கென்றது. ஆனால் நாம் யார்? ஒரு பாம்பு வாலை வாயில் கவ்வி எல்லை காட்டியதால் ஆலவாய் என்று பெயர் வந்ததாகச் சொல்கிற ஊர்க்காரர்கள். வாசலில் நின்றால் படுத்திருக்கிற பாம்பைப் போல நாகமலை. உன்னைத் தோளில் வைத்து அந்த மலையைக் காட்டித்தான் சோறு ஊட்டினேன். அந்தப் பிள்ளை ஒரு பாம்பின் மூன்று செதிலுக்காக ராத்திரி பதினொரு மணிக்கு அழுகிறாள் என்றால் அப்பாவுக்குச் சந்தோஷம்தான். இனிமேல் எதுவாக இருந்தாலும் முதல் நாளே சொல்.

நாளையும் மறுநாளும் அதே வெளிச்சத்தில், அதே தூரத்தில் படம் எடுத்து அனுப்பு, மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எனக்குத் தெரியும். சோளம் தோல் உரித்ததும் அந்தத் தோலைத் தூக்கிப் போடாதே. அதில் புண் இருந்த இடத்தைத் தேடிப் பார்த்து அதையும் படம் எடு. அம்மாவும் பார்க்க வேண்டும் என்கிறாள்.

அன்புடன்
அப்பா