வாசுகிக்கு: பயிற்சி பலித்ததை எப்படி அளப்பது?

யீஷூன், சிங்கப்பூர்

அன்புள்ள வாசுகிக்கு,

இங்கு அனைவரும் நலம். பெர்த்தில் உன் வீட்டாரும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தேக்கா சந்தைக்குத் தாமே போய் மீன் வாங்கும் அளவுக்குத் தேறிவிட்டார். பேரம் பேசும் வீரியத்துக்கு எந்தக் குறைவும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் பயிற்சி மருத்துவர்களின் கல்வியைக் கவனிக்கும் பொறுப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. நின்ற இதயத்தை நெஞ்சை அழுத்தி மீட்கும் இதய இயக்க மீட்புப் (சிபிஆர்) பயிற்சியை நடத்தும் முறையை மாற்றி, அந்த மாற்றத்தையே ஓர் ஆய்வாகச் செய்யலாம் என்று திட்டம் எழுதி நிதிக்குழுவுக்கு அனுப்பியிருந்தேன். அது சென்ற வாரம் திரும்பி வந்தது. குழுவினர் நிராகரிக்கவில்லை, ஒரே ஒரு கேள்வியை ஓரத்தில் எழுதியிருக்கிறார்கள். இந்தப் பயிற்சியால் நோயாளிக்கு நன்மை விளைந்தது என்பதை எவ்வாறு நிறுவுவீர்கள் என்பதுதான் அது. புள்ளியியல் படித்தவர்களால் யாருக்கு என்ன லாபம் என்று உன்னைக் கேலி செய்துகொண்டிருந்த நான், இன்று உன் வாசலில் வந்து நிற்கிறேன். சிரித்துவிட்டு மேலே படி.

எங்கள் துறைக்கு வயது குறைவு. சிங்கப்பூரில் அவசர மருத்துவம் தனிச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டது 1984இல். இப்போதுள்ள அமெரிக்க பாணிப் பயிற்சித் திட்டம் தொடங்கியது 2010இல். எப்படிக் கற்பிப்பது என்பதை ஆராயும் பழக்கம் அதைவிடவும் இளையது. வகுப்பு முடிந்ததும் ஒரு தாளை நீட்டி, "பயனுள்ளதாக இருந்ததா?" என்று கேட்கிறோம். எல்லோரும் ஐந்துக்கு நான்கரை போடுகிறார்கள். மதிய உணவு நன்றாக இருந்தால் ஐந்தே போடுகிறார்கள். அதை மாநாட்டில் சுவரொட்டியாக ஒட்டிவிட்டு ஆய்வு என்கிறோம். பயிற்சியின் பலனை நான்கு படிகளாக அளக்கலாம் என்று டொனால்டு கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கர் 1959இலேயே எழுதிவிட்டார். பங்கேற்றவர்களுக்குப் பிடித்ததா, கற்றார்களா, வேலையில் அது தென்படுகிறதா, அதனால் விளைவு மாறியதா என்பவையே அந்தப் படிகள். நாங்கள் பெரும்பாலும் முதல் படியிலேயே உட்கார்ந்திருக்கிறோம். துணிந்தவர்கள் இரண்டாவதில் ஏறித் தேர்வு வைக்கிறார்கள்.

தேர்வையும் எப்போது வைக்கிறோம் என்று பார். பயிற்சி முடிந்த அன்று மாலையே! நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும் என்பதை அன்று மாலை யாரும் மறக்கமாட்டார்கள். ஆனால் அந்தத் திறன் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் தேயத் தொடங்குகிறது என்பது பல நாடுகளில் பல முறை கண்டறியப்பட்டது. இங்கே நாங்கள் கொடுக்கும் சான்றிதழோ இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். நடுவிலுள்ள காலத்தில் யார் கைக்கு என்ன நினைவிருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

பொம்மைகளையும் கருவிகளையும் நோயாளியாகப் பாவித்துச் செய்யும் பாவனைப் பயிற்சியின் பலன் நிரூபிக்கப்பட்டுவிட்டதே என்று நீ கேட்கலாம். 2011இல் டேவிட் குக்கும் குழுவினரும் 609 ஆய்வுகளைத் தொகுத்து, பாவனைக் கருவிகளைக் கொண்டு நடத்தும் பயிற்சி அறிவையும் திறனையும் பெருமளவு கூட்டுகிறது என்று காட்டினார்கள். ஆனால் அந்த ஒப்பீடு பயிற்சியே பெறாதவர்களோடு செய்யப்பட்டது. அதில் தோற்பதற்குத்தான் தனித் திறமை வேண்டும். நோயாளியைத் தொடும் விளைவுகளில் பலன் நடுத்தரமாகவே இருந்தது. எனக்கு நம்பிக்கை தருவது 2008இல் சிகாகோவில் வெளிவந்த ஓர் ஆய்வு. மருத்துவமனையில் உண்மையாகவே நின்றுபோன இதயங்களை மீட்கப் போனபோது, பாவனைப் பயிற்சி பெற்ற பயிற்சி மருத்துவர்கள் விதிமுறைகளில் 68 விழுக்காட்டைச் சரியாகச் செய்தார்கள். வழக்கமான பயிற்சி பெற்றவர்கள் செய்தது 44 விழுக்காடு. அது மூன்றாவது படி. என் குழு கேட்பது நான்காவது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் பதினான்காம் மாடியில் ஒருவர் மயங்கி விழுகிறார் என்று வைத்துக்கொள். பக்கத்து வீட்டார் ஓடி வந்து நெஞ்சை அழுத்தினாரா, ஆம்புலன்ஸை அழைக்கும் 995 எண்ணில் பேசிய ஊழியர் தொலைபேசி வழியே வழிகாட்டினாரா, மின்தூக்கி எத்தனை மாடிகளில் நின்றது, விழுந்தவரின் வயதென்ன, இதயத் துடிப்பு எந்த வகையில் குலைந்திருந்தது என்பவையெல்லாம் தீர்ந்த பிறகே அவர் எங்கள் கதவைத் தாண்டி வருகிறார். தொலைபேசி வழிகாட்டலை இங்கே 2012இலும், அருகிலிருக்கும் தொண்டர்களை அழைக்கும் மைரெஸ்பாண்டர் செயலியை 2015இலும் கொண்டுவந்தார்கள். அவை காப்பாற்றும் உயிர்களுக்கு நடுவே, நான் கொடுத்த கால்மணி நேரப் பயிற்சியின் பங்கை எப்படிப் பிரித்தெடுப்பேன்? அது கடலில் கரைத்த பெருங்காயம்.

அதனால் ஓர் இடைவழி யோசித்திருக்கிறேன். இதயத் துடிப்பைச் சீராக்க மின்னதிர்வு கொடுக்கும் எங்கள் கருவிகள் நோயாளியின் நெஞ்சில் ஒட்டும் அட்டை வழியாக ஒவ்வோர் அழுத்தத்தின் வேகத்தையும் ஆழத்தையும் பதிவு செய்கின்றன. மீட்பு முயற்சி நடந்த நேரத்தில் எவ்வளவு பங்கு கைகள் உண்மையில் அழுத்திக்கொண்டிருந்தன என்பதும் அதில் தெரியும். அது 60 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது வழிகாட்டு நெறி. பாவனைப் பொம்மையை விட்டுவிட்டு, உண்மையான நோயாளியிடம் கைகள் செய்ததை அளந்தால் மூன்றாவது படிக்கும் நான்காவது படிக்கும் நடுவே கால் ஊன்றலாம். இதை ஏற்பாயா?

பயிற்சி முறை இதுதான். அரை நாள் வகுப்பை எடுத்துவிட்டு, பணிமுறை தொடங்கும் நேரத்தில் மீட்பு அறையிலேயே பொம்மையைக் கிடத்திப் பத்து நிமிடம் பயிற்சி, ஐந்து நிமிடம் உரையாடல். ஒத்திகை பார்த்தபோது, குள்ளமான தாதி ஒருவர் கட்டிலின் உயரத்துக்கு எட்டாமல் நுனிக்காலில் நின்று அழுத்திக்கொண்டிருந்தார். முழங்கை மடங்கி, ஆழம் நான்கு சென்டிமீட்டரைத் தாண்டவில்லை. ஏறி நிற்க வேண்டிய சிறு முக்காலி ஆக்சிஜன் உருளைகளுக்குப் பின்னால் கிடந்தது. அதை இழுத்துப் போட்டதும் திரையில் எண் ஐந்தரைக்கு ஏறியது. வகுப்பறைப் பொம்மை தரையில் கிடப்பதால் இந்தக் குறை அங்கே ஒருநாளும் தெரிந்திருக்காது. இப்போது முக்காலி கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறது.

இனி உன் தலைவலி. ஒரு பாதிப் பேருக்குப் புதிய முறை, மறுபாதிக்குப் பழைய முறை என்று சீட்டுக் குலுக்கினால், இரு பாதியினரும் ஒரே பணிமுறையில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். மருத்துவமனை வாரியாகப் பிரித்தால், பயிற்சி மருத்துவர்கள் சுழற்சியில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடுவார்கள். எல்லோரும் இறுதியில் புதிய முறைக்கு வந்துசேர, யார் எப்போது மாறுவது என்பதை மட்டும் குலுக்கிப் போடும் படிநிலை வடிவமைப்பு பொருந்துமா? காலப்போக்கில் எல்லாமே மேம்பட்டுவந்தால் அதையும் பயிற்சியின் பலனையும் அதில் பிரிக்க முடியுமா?

இன்னொன்று கணக்கு அல்ல, ஆனால் அதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. இவர்களுக்கு மதிப்பெண் போடுபவளும் நான், ஆய்வில் சேரச் சம்மதம் கேட்பவளும் நான். எந்தப் பயிற்சி மருத்துவர் என் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்பார்? சம்மதம் வாங்கும் வேலையைத் துறைக்கு வெளியே ஒருவரிடம் கொடுத்துவிட்டு, யார் சேர்ந்தார் யார் மறுத்தார் என்பது மதிப்பீடு முடியும்வரை எனக்குத் தெரியாதபடி செய்யலாம் என்றிருக்கிறேன். என் தலைவருக்கு இது மிகையாகப் படுகிறது; எனக்கு இது குறைவாகவே படுகிறது.

திட்டத்தின் வரைவைத் தனியே மின்னஞ்சலில் அனுப்புகிறேன். ஏழாம் பக்கத்தில் மாதிரி அளவுக் கணக்கு, அதாவது ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு, இருக்கிறது. அதைப் பார்த்து மாணிக்கம் சாரைப் போலச் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டாலும் சரி. மாத இறுதிக்குள் குழுவுக்குப் பதில் தர வேண்டும், ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேச நேரம் ஒதுக்கு. பெர்த்துக்கும் இங்கும் ஒரே நேரம்தானே, சாக்குச் சொல்ல வழியில்லை.

அன்புடன்,
கோமதி