மேடைப் பூட்டைத் திறந்துவிடுங்கள்

எங்கள் ஊர் பழைய நாடக அரங்கின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். இசை நாடகங்களை எழுதித் தந்த எங்கள் ஆசான் சங்கரதாஸ் சுவாமிகளின் நினைவு நாளுக்கு, அவருடைய வள்ளி திருமணம் நாடகம் போட ஒரே ஒரு ராத்திரி மேடையைத் தரும்படி எங்கள் நாடக நடிகர் சங்கம் மனு கொடுத்ததும், நீங்கள் மறுத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். பாரம்பரிய மேடை, ஆட்டம் போட்டால் பலகை தாங்காது என்றீர்கள். சரி என்று திரும்பிவிட்டோம். அடுத்த வாரமே அதே மேடையில் ஜவுளித் தள்ளுபடி விற்பனை நடந்தது. இரும்பு ரேக்குகளை வரிசையாக ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். அதைத் தாங்கிய பலகை ஒரு வள்ளியையும் ஒரு முருகனையும் தாங்காதா?

முன்கூடத்துக் கண்காட்சியைக் குறை சொல்ல நான் வரவில்லை. பழைய நாடக நோட்டீசுகள், தர்பார் சீன் எழுதிய படுதா, ராஜபார்ட் (கதாநாயக வேஷம்) கிரீடங்கள் எல்லாவற்றையும் அக்கறையாகத்தான் வைத்திருக்கிறீர்கள். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஹார்மோனியத்தை ஒரு தடவை கிட்டப் போய்ப் பாருங்கள். எங்கள் செட்டில் பின்பாட்டுப் பாடிய பெரியவர் ஒருவருடையது அது. குடும்பத்தார் மனமுவந்து கொடுத்தார்கள். இன்று அதில் சில கட்டைகள் அமுங்கியபடியே நிற்கின்றன, துருத்தித் தோல் விறைத்துவிட்டது. வாசிக்காமல் வைத்தால் பெட்டி அப்படித்தான் ஆகும்.

ஒப்பனை அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுவரோடு பதித்த ஆளுயரக் கண்ணாடிகள் உள்ள அறை. குறுக்கே கயிறு கட்டி, பார்வைக்கு மட்டும் என்று பலகை மாட்டியிருக்கிறீர்கள். ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேஷம், போடும் நாங்கள் திருவிழாக்களில் எங்கே வேஷம் கட்டுகிறோம் தெரியுமா? ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால், இரண்டு சேலையை மறைப்பாகக் கட்டிக்கொண்டு. ஒருத்தி உடை மாற்றும்போது இன்னொருத்தி சேலை விலகாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். குடித்துவிட்டு எட்டிப் பார்க்கிறவனையும் விரட்ட வேண்டும். அப்புறம் மேடையேறி, வள்ளியாகத் தினைப்புனத்தில் நின்று, குருவி விரட்டும் ஆலோலப் பாட்டைப் பாட வேண்டும். எங்களுக்காகவே கட்டிய அறை கண்ணெதிரே கயிறு கட்டிக் கிடக்கும்போது மனசு கொதிக்கிறது ஐயா.

உங்கள் கண்காட்சியில் விஸ்வநாததாஸ் படமும் இருக்கிறது. முருகன் வேஷத்தில் புராண நாடகத்துக்கு நடுவே சுதந்திரப் பாட்டைப் பாடி, பலமுறை சிறை போனவர். நாடகத்தை அடக்க வெள்ளைக்காரன் 1876லேயே சட்டம் போட்டிருந்தான். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், நாடக மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது. இதைப் படத்துக்குக் கீழே நான்கு வரியில் எழுதலாம், தவறில்லை. ஆனால் வள்ளி முருகன் தர்க்கம் சூடுபிடிக்கும் நேரத்தில் அந்தப் பாட்டு எப்படி உள்ளே நுழைந்தது, ஜனங்கள் ஏன் சிலிர்த்தார்கள் என்பது ஆடிக் காட்டினால்தானே பிள்ளைகளுக்குப் புரியும்? பகலில் கண்காட்சியைப் பார்த்த பள்ளிப் பிள்ளைகள் சாயங்காலம் அதே கட்டடத்தில் நாடகத்தையும் பார்க்கட்டுமே.

இது நடக்காத காரியமில்லை. வாஷிங்டனில் ஃபோர்ட்ஸ் தியேட்டர் இருக்கிறது. 1865இல் நாடகம் நடந்துகொண்டிருந்தபோது ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டது அங்கேதான். அரசு அதை எடுத்துக்கொண்டு அலுவலகமும் கிடங்குமாக ஆக்கியது. 1893இல் உள்தளங்கள் இடிந்து 22 பேர் இறந்தார்கள். 1932இல் லிங்கன் அருங்காட்சியகம் வந்தது. அதோடு போதும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. மேடையைத் திரும்பக் கட்டி 1968இல் நாடகத்தைக் கொண்டுவந்தார்கள். சுட்ட துப்பாக்கி கீழ்த்தள அருங்காட்சியகத்தில் இருக்கிறது, மேலே நாடகம் நடக்கிறது. நாட்டின் தலைவரே கொலையுண்ட இடத்தில் அவர்கள் மறுபடி திரையைத் தூக்கியிருக்கிறார்கள். நம் மேடையில் என்ன குற்றம் நடந்தது, இப்படிப் பூட்டி வைக்க?

விடிய விடிய ஆடிய கலை இது. இன்று பத்து மணிக்கு மேல் மைக் கூடாது என்கிறார்கள். பபூன் கோமாளியும் டான்ஸும் வந்துபோவதற்குள் நேரம் முடிந்து, கதை பாதியில் நிற்கிறது. கலையை வளர்ப்போம் என்று விழாவுக்கு விழா பேசுகிறவர்கள், ஆடுகிறவர்கள் நாடகம் இல்லாத மாதங்களில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இதெல்லாம் உங்கள் கையில் இல்லை, தெரியும். ஆதங்கத்தில் சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை மேடையை நாடகத்துக்குக் கொடுங்கள். பலகை பலவீனம் என்றால் தச்சரை வைத்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள், அதுவரை காத்திருக்கிறோம். அன்றைக்கு மட்டும் ஒப்பனை அறைக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். ஹார்மோனியத்தைப் பழுது பார்க்க எங்கள் ஆட்களிலேயே கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், கூலி வேண்டாம். கரண்டுச் செலவை நாங்களே கட்டுகிறோம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த மடலை வாசித்து, முடிவை எழுத்தில் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இசை நாடகத்தில் ஸ்திரீபார்ட் போடும் ஒருத்தி