சிட்னி பாய்ட்டியர் புத்தகம்: அச்சுச் செலவுக்குக் கை கொடுங்கள்

நண்பர்களே, போன திரையிடலில் ‘டு சர் வித் லவ்’ முடிந்ததும் அதில் நடித்த அமெரிக்க நடிகர் சிட்னி பாய்ட்டியரைப் பற்றித் தமிழில் படிக்க ஏதாவது இருக்கிறதா என்று பலர் கேட்டீர்கள். தேடினோம், திருப்தியாக எதுவும் கிடைக்கவில்லை, சரி என்று நாங்களே எழுதிவிட்டோம். இப்போது அச்சடிக்கத்தான் காசு இல்லை.

பஹாமாஸ் தீவுகளில் தக்காளி பயிரிட்ட குடும்பத்துப் பிள்ளை. 16 வயதில் நியூயார்க்குக்கு வந்து ஓட்டல்களில் தட்டு கழுவியவர். அங்கே கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியில் நடிப்புத் தேர்வுக்குப் போனபோது வசனத்தைக்கூடச் சரியாகப் படிக்கத் தெரியவில்லை, உச்சரிப்பும் தீவு வாடை, போய்த் தட்டு கழுவு என்று துரத்திவிட்டார்கள். (அவர் தட்டு கழுவுவது சொன்னவருக்குத் தெரியாது!) உடனே ஒரு ரேடியோ வாங்கி, அறிவிப்பாளர்கள் பேசுவதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினார். வேலை பார்த்த ஓட்டலில் வயதான யூதப் பரிமாறுநர் ஒருவர், கடை ஒழிந்தபின் இரவில் உட்கார வைத்துச் செய்தித்தாள் படிக்கக் கற்றுக்கொடுத்தார். 1964இல் சிறந்த நடிகருக்கான ஆஸ்கரை வாங்கிய முதல் கறுப்பின நடிகர் இவர்தான்.

அதே ஆண்டு ஆகஸ்டில், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்குப் போராடிய இளைஞர்களுக்காகத் திரட்டிய சுமார் 70,000 டாலரை நண்பரும் பாடகருமான ஹாரி பெலஃபான்டேயுடன் பையில் போட்டு, தென் அமெரிக்க மாநிலம் அல்ல, அமெரிக்காவின் தெற்கிலுள்ள மிசிசிப்பி மாநிலத்தின் கிரீன்வுட் ஊருக்கு எடுத்துப்போனார். இருட்டில் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் ஆட்கள் வண்டியில் துரத்தி வந்து காரை இடித்தார்கள். நம்முடைய வசூலில் அப்படி ஆபத்து எதுவும் இல்லை, தைரியமாகக் கொடுக்கலாம்.

1967இல் மட்டும் அவருடைய மூன்று பெரிய படங்கள் வந்தன. ஆனால் வெள்ளையர்களுக்கு உறுத்தாத உத்தமனாகவே நடிக்கிறார் என்று கறுப்பின எழுத்தாளர்களே அப்போது குறை சொன்னார்கள். அது நியாயமா என்று குழுவுக்குள் இரண்டு வாரம் சண்டை. கடைசியில் இரு தரப்பையும் சேர்த்ததில் 48 பக்கம் 64 ஆகிவிட்டது, செலவும் ஏறிவிட்டது. புகைப்பட உரிமை கட்டுப்படியாகாது, அதனால் உறுப்பினர் ஒருவர் வரைந்த கோட்டோவியங்கள்தான்.

500 பிரதிகள், ஒன்றுக்கு 40 ரூபாய், ஆக 20,000. கையில் 8,500 இருக்கிறது. 300 பிரதிகளை ஓட்டல், பட்டறைப் பையன்கள் படிக்கும் இரவுப் படிப்பு மையங்களுக்கு இலவசமாகக் கொடுக்கப்போகிறோம். அந்தப் பரிமாறுநர் கதையை அவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

ஒரு பிரதிக்கான 40 ரூபாயும் போதும். பிப்ரவரி 20 அவர் பிறந்தநாள், அன்று வெளியிட நினைக்கிறோம், அச்சகத்தில் ஜனவரி முடிவதற்குள் முன்பணம் கேட்கிறார்கள். ரசீது உண்டு, கணக்கு அடுத்த கூட்டத்தில். கொடுத்தவர்கள் பெயர் கடைசிப் பக்கத்தில் வரும், வேண்டாம் என்பவர்கள் பொருளாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், அச்சுக்குப் போனபின் எடுக்க முடியாது.