செகண்ட்ஹேண்ட் கார் விலையோட ஸ்பேர் விலையையும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல செகண்ட்ஹேண்ட் கார் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். பத்து வருஷத்துக்கு மேல ஓடுன வண்டிய தொடாதீங்க, ரிப்பேர் செலவு தின்னுடும், மூணு நாலு வருஷ வண்டியா பாத்து வாங்குங்கன்னு எழுதியிருந்தீங்க. எங்க வீட்லயே ரெண்டு விதமான வண்டியும் இருக்கு, அதனால இத எழுதாம இருக்க முடியலைங்க.

என்னோடது 2011 மாடல் ஆல்ட்டோ, 2017-ல 1,60,000-க்கு வாங்கினேன். அன்னைல இருந்து ஒவ்வொரு செலவையும் பால் கணக்கு நோட்டோட பின்பக்கத்துல எழுதி வச்சிருக்கேன். கிளட்ச் செட் 4,800, ஏசி கூலிங் காயில் 6,500, லோயர் ஆர்ம் புஷ் எல்லாம் மாத்துனது 7,000 சொச்சம், பேட்டரி ரெண்டு தடவ, டயர் ஒரு செட்டு, வருஷா வருஷம் சர்வீஸு, எல்லாம் சேத்து எட்டு வருஷத்துல 1,12,000 ஆகியிருக்கு, அதாவது வருஷத்துக்கு 14,000. பெட்ரோலும் இன்சூரன்ஸும் இதுல சேராது.

என் மச்சினன் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி 2021 மாடல் டீசல் வண்டி ஒண்ணு வாங்கினாரு, கம்பெனி பேரு வேணாம். பாக்க புது வண்டி மாதிரியே பளபளன்னு இருந்துச்சு, டீசல்னா மைலேஜ் கிடைக்கும்னு கணக்கு போட்டு வாங்கினாரு. ஆனா அவரு ஓட்டறது ஈரோடு சம்பத் நகர் வீட்டுல இருந்து ஜவுளிக்கடைக்கு, மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு, திரும்ப கடைக்கு, இவ்வளவுதான். மாசம் 300 கிலோமீட்டர் தாண்டாது. ஆறே மாசத்துல டேஷ்போர்டுல ஒரு மஞ்ச லைட்டு எரிய ஆரம்பிச்சுது, என்னன்னு பாத்தா டிபிஎஃப் அடைச்சுக்கிச்சாம். 2020 ஏப்ரல்ல பிஎஸ்6ங்கற புகை கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் வண்டி சைலன்சர் லைன்ல புகைக்கரிய பிடிச்சு வைக்கற ஒரு ஃபில்டர் இருக்குங்க, அதுதான் டிபிஎஃப், அந்தக் கரி எரிஞ்சு போகணும்னா வண்டி நல்லா சூடாகி ஒரே சீரா கொஞ்ச நேரம் ஓடணும். ரெண்டு ரெண்டரை கிலோமீட்டருக்கு ஒருக்கா ஆஃப் பண்ற வண்டில அது எப்படி எரியும்? மெக்கானிக் சொன்னாருன்னு சித்தோடு போயி பைபாஸ் ஏறி சேலம் பக்கமா அரைமணி நேரம் சும்மா ஓட்டிட்டு வருவாரு, லைட்டு அணையும், ஒண்ணரை மாசம் கழிச்சு மறுபடி எரியும். கடைசில ஷோரூம்ல விட்டு கழட்டி கிளீன் பண்ணதுக்கு 23,000 பில்லு.

மைலேஜ் கணக்கையும் பாத்துடுங்க. மாசம் 300 கிலோமீட்டருக்கு என் வண்டி 20 லிட்டர் பெட்ரோல் குடிக்குது, 101 ரூபா போட்டா 2,020. அவரு வண்டி லிட்டருக்கு 18 குடுக்குதுன்னே வச்சுக்குவோம், 93 ரூபா டீசல்ல 1,550. மாசம் 470 மிச்சம், வருஷத்துக்கு 5,600. அந்த ஒரு பில்லுலயே நாலு வருஷ மிச்சம் போயிடுச்சு.

அப்புறம் அந்த ஹெட்லைட்டு. பார்க்கிங்ல ஒருத்தரு பைக்க பின்னுக்குத் தள்ளும்போது லேசா இடிச்சதுல, ஹெட்லைட்ட வண்டியோட பிடிச்சு வைக்கற காது ஒடிஞ்சு கண்ணாடில ஒரு விரல் நீளம் கீறல். உள்ள எல்ஈடி நல்லாத்தான் எரியுது, ஆனா தண்ணி இறங்கும்னாங்க. காது மட்டும் கிடைக்காது, கண்ணாடி மட்டும் கிடைக்காது, முழு செட்டா மாத்தணும்னு 38,000 எஸ்டிமேட் குடுத்தாங்க. என் வண்டில பல்பு போனா 200 ரூபாய்க்குள்ள எந்த ஆட்டோ ஸ்பேர்ஸ் கடைலயும் கிடைக்குது, வாசல்லயே நின்னு மாத்திட்டு வந்துடலாம், முழு ஹெட்லைட்டே வேணும்னாலும் சென்னை புதுப்பேட்டை பழைய ஸ்பேர் மார்க்கெட் வரைக்கும் தேடறதுக்கு இடம் இருக்கு. அந்த எஸ்டிமேட் பேப்பர கைல வச்சுக்கிட்டு அவரு திண்ணைல உக்காந்திருந்தது இன்னும் கண்ணுலயே நிக்குது.

பழைய வண்டிதான் ஒசத்தின்னு நான் சொல்ல வரல. ஏர்பேக்கும், சடன் பிரேக் போட்டா சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கற ஏபிஎஸ்ஸும் 2019-ல தான் எல்லா புது கார்லயும் கட்டாயம்னு ஆச்சு, என் வண்டில ரெண்டும் இல்ல, பேரப்பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு ராத்திரி ஹைவேல போக எனக்கே மனசு வர்றதில்ல. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகு மைலேஜும் 16-ல இருந்து 15 ஆயிடுச்சு, ஃபியூல் ஹோஸையும் மாத்திட்டேன். இந்த வருஷம் 15 வருஷம் முடியுது, ஆர்சி புதுப்பிக்க 2022 வரைக்கும் 600 ரூபாயா இருந்த ஃபீஸ் இப்ப 5,000, க்ரீன் டேக்ஸ் தனி. 20 வருஷம் தாண்டுன காருக்கு 2025 ஆகஸ்ட்ல இருந்து 10,000 ஆக்கிட்டாங்க. இதெல்லாம் கணக்குல வரத்தான் செய்யும். என்னைய கேட்டா டவுனுக்குள்ள கம்மியா ஓட்டறவங்களுக்கு ஏழெட்டு வருஷம் ஓடுன, ஏர்பேக் ஏபிஎஸ் இருக்கற, சாதா மேனுவல் கியர் பெட்ரோல் வண்டிதான் தோது. தினமும் கோயமுத்தூர் போயிட்டு வர்றவங்களுக்கு மச்சினன் வண்டியே நல்ல வண்டிங்க, அதுல தப்பில்ல.

இன்னொண்ணும் சொல்லணும். ஸ்பேரையும் ரிப்பேருக்கு வேண்டிய டூல்ஸையும் வெளி மெக்கானிக்குக்கு கிடைக்க விடாம பண்றீங்கன்னு 2014-லயே வியாபாரப் போட்டி நியாயமா நடக்குதான்னு பாக்கற காம்பெடிஷன் கமிஷன் 14 கார் கம்பெனிக்கு 2,544 கோடி அபராதம் போட்டுச்சு, அப்பீலு கேஸுன்னு அது இழுத்துச்சு. எங்க தெரு மெக்கானிக்கு முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கறவரு, சத்தத்த வச்சே எந்த பேரிங்னு சொல்லிடுவாரு, அவருகிட்ட மச்சினன் வண்டிய கொண்டுபோனா "வண்டி கம்ப்யூட்டர படிக்கற ஸ்கேனர்ல இது ஓபன் ஆகலைங்க, ஷோரூமுக்கே போயிடுங்க"ன்னு கைய விரிக்கறாரு. அவருக்குத் தொழில் தெரியாம இல்லைங்க, கம்பெனிக்காரங்க கதவ அடைச்சு வச்சிருக்காங்க. இதப் பத்தி நீங்க எழுதினா நாலு பேரு காதுல விழும்.

உங்க கார் பக்கத்துல மாடல், வருஷம், கிலோமீட்டர், விலைன்னு போடறீங்க. அதோட அந்த வண்டியோட ஒரு ஹெட்லைட்டு, ஒரு கிளட்ச் செட்டு, ஒரு ஷாக் அப்சர்பர், டீசலா இருந்தா டிபிஎஃப், இந்த நாலு விலையையும் விசாரிச்சு ஒரு வரி சேத்துப் போடுங்க. பதினஞ்சு நிமிஷ போன் வேலைதான். வாங்கறவரு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி அது அவரு கண்ணுல படணும்ங்க.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
ஈரோடு.