கரடிப் பித்தம் வேண்டாம்

புக்கிட் மெர்தாஜாம்

அன்புள்ள செல்வராஜுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வீக்கம் வற்றியதா? பக்கத்து வீட்டுக்காரர் கரடிப் பித்தம் தடவச் சொன்னார், வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்டா. அதைச் சொல்லத்தான் இன்றைக்கே எழுத உட்கார்ந்தேன்.

போன மாதம் மகளோடும் பேரனோடும் சபா மாநிலத்துக்குப் போயிருந்தேன். சண்டாக்கான் பக்கத்தில் சிப்பிலோக் என்ற ஊர். ஓராங் ஊத்தான் குரங்குகளைப் பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம். அதை ஒட்டியே சூரியக் கரடிகளுக்கும் ஒரு காப்பகம் இருக்கிறது. 2008-இல் அதைத் தொடங்கிய வோங் சியூ தெ நம் ஊரில் பிறந்தவர், தெரியுமா? எனக்கு அங்கே போனபிறகுதான் தெரிந்தது. பெருமையாக இருந்தது.

மேடையில் நின்று பார்த்தோம். ஒரு கரடி மரத்தில் உயரமாக ஏறி, நகத்தால் பட்டையைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டது. பிறகு பொந்துக்குள் நாக்கை விட்டது. நாக்கா அது, ஒரு சாண் நீளம்! நெஞ்சில் மஞ்சள் பிறை. ஒவ்வொரு கரடிக்கும் அந்தப் பிறை வேறு வேறு மாதிரியாம்.

அங்கே இருப்பதில் பல, வீடுகளில் கூண்டில் வளர்ந்தவை. தாயைக் கொன்றால்தானே குட்டி கைக்கு வரும்? சிமெண்டுத் தரையிலேயே வளர்ந்த சில கரடிகள், கதவைத் திறந்துவிட்டாலும் மண்ணில் கால் வைக்கப் பயப்படுமாம். மரம் ஏற, கரையான் தோண்ட, எல்லாம் புதிதாகப் பழக வேண்டும். அப்படித் தேறிய ஒன்றை 2015-இல் தாபின் காட்டில் விட்டார்கள்.

அப்போதுதான் நம் தோட்டத்துக் கடைக்குப் பின்னால் இருந்த கூண்டு ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பால் டின்னை வழித்து அந்தக் குட்டிக்கு விரலை நீட்டுவோமே. அது தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே நிற்கும். டான்ஸ் ஆடுகிறது என்று கை தட்டினோம். அடைபட்ட மிருகம் தவிப்பில் அப்படித்தான் ஆட்டும் என்று பராமரிக்கும் பையன் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பேரன் என் முகத்தையே பார்த்தான்.

சரி, பித்தத்துக்கு வருகிறேன். சீனாவிலும் வியட்நாமிலும் கரடியை ஆண்டுக்கணக்கில் கூண்டில் போட்டு, வயிற்றில் துளை போட்டும் குழாய் செருகியும் பித்தத்தை எடுத்திருக்கிறார்கள். 1998-இல் ஜில் ராபின்சன் தொடங்கிய அனிமல்ஸ் ஏசியா என்ற அமைப்பு இதை நிறுத்தத்தான் பாடுபடுகிறது. பண்ணைக் கரடிகளையெல்லாம் காப்பகத்துக்கு மாற்ற 2017-இல் வியட்நாம் அரசோடு ஒப்பந்தமும் போட்டது. நம் மலேசியாவில், தீபகற்பத்திலும் சபாவிலும் சூரியக் கரடி முழுப் பாதுகாப்பு பெற்ற விலங்கு. ஆனாலும் மருந்துக்கடைகளில் பித்தம் விற்றுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அந்தப் பித்தத்தில் உள்ள மருந்துச் சத்தைக் கரடி இல்லாமலேயே செய்து எத்தனையோ வருடம் ஆகிறது. உன் காலுக்கு அதுவும் தேவையில்லை. ஐஸ் ஒத்தடம் கொடு, கிளினிக்குக்குப் போய்ப் படம் எடுத்துப் பார்.

அப்புறம் ஒன்று. நாம் ஆறாம் வகுப்பு படித்த வருடம் அந்தக் கூண்டு காலியாகக் கிடந்தது. குட்டி எங்கே என்று நாம் யாரையும் கேட்கவேயில்லை. உன் அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். கேட்டு எழுது.

அன்புடன்,
மாரிமுத்து