கியர்பாக்ஸை மாற்றுங்கள், ஷாஃப்டை மறந்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய காரில் ஐந்து கியர் பெட்டி பொருத்துவது அந்த வண்டிக்குச் செய்யும் துரோகம் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. உள்ளே இருந்த எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, வெறும் கூட்டை வைத்துக்கொண்டு ‘கிளாசிக்’ என்று சொல்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அவர் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. பேருந்துப் பணிமனையில் பல ஆண்டுகள் கியர்பாக்ஸும், அதிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளக் குழாயான புரொபெல்லர் ஷாஃப்டும் கழற்றி மாட்டியவன் நான். கைவேலை தெரிந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1964ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000. 1098 சிசி எஞ்சின், நான்கு கியர். என் அத்தான் வைத்திருந்து எனக்குக் கொடுத்தது. மைனர் 1948ல் வெளிவந்தது. அலெக் இசிகோனிஸ் அதை வடிவமைத்த காலத்தில் பிரிட்டனிலேயே மோட்டார்வே எனப்படும் விரைவுச்சாலை கிடையாது. நம் சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலை முழுமையடைந்ததே 1981ல்தான். ஊர்ச்சாலைக்குச் செய்த வண்டியை இன்று விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், நான்காவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,400 சுற்று சுற்றுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு பேச முடியாது. வேகத்தைக் குறைத்தால் பின்னால் லாரி வந்து ஒட்டிக்கொள்ளும். அத்தான் கடைசிக் காலத்தில் வண்டியை வெளியே எடுக்காததற்கு அந்த இரைச்சல்தான் காரணம்.

நான் பொருத்தியது போர்டு சியராவில் வந்த டைப் 9 பெட்டி. அதன் ஐந்தாவது கியர் விகிதம் 0.82, அதாவது ஷாஃப்ட் ஒரு முறை சுற்ற எஞ்சின் 0.82 முறை சுற்றினால் போதும். அதே 90ல் எஞ்சின் 2,800 சுற்றுக்கு இறங்கிவிடுகிறது. முதல் கியர் 3.65, மைனரின் சொந்த முதல் கியர் 3.63. ஆகவே வண்டி கிளம்பும் விதத்தில் எந்த மாற்றமும் தெரியாது. மைனரின் முதல் கியரில் சிங்க்ரோமெஷ் இல்லை (கியர் போடும்போது பற்களின் வேகத்தை ஒன்றாக்கும் அமைப்பு அது), உருண்டுகொண்டிருக்கும்போது போட்டால் பல் கரகரக்கும். டைப் 9ல் முன்னோக்கிய ஐந்து கியரிலும் சிங்க்ரோமெஷ் உண்டு.

வாசகர் கவலைப்பட்டது பழைமை போய்விடும் என்றுதானே? என் வண்டியின் பாடியில் ஓர் இடத்தில்கூட வெட்டவில்லை. மைனரில் கியர்பாக்ஸுக்கு மேலே போல்ட் போட்டுக் கழற்றக்கூடிய தகட்டு மூடி இருக்கிறது. அதே மாதிரி இன்னொரு மூடி வாங்கி அதில்தான் வேண்டிய இடத்தை வெட்டினேன். பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் போல்ட் போட்டதுதான். பழைய பெட்டி, பழைய ஷாஃப்ட், பழைய மூடி எல்லாம் எண்ணெய் தடவி, துணி சுற்றி ஸ்டோர் ரூமில் இருக்கின்றன. நாளைக்கே என் மகள் விரும்பினால் எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிடலாம். இதைத் துரோகம் என்று எப்படிச் சொல்வது?

எனக்குக் கவலை தருவது வேறொன்று. கியர்பாக்ஸுக்குத் தாராளமாகச் செலவு செய்பவர்கள் ஷாஃப்டில் காசை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள்.

புதிய பெட்டி நீளமானது. அதனால் ஷாஃப்டைக் குட்டையாக்க வேண்டும். என் நண்பர் ஒருவர் அவருடைய பழைய காருக்கு இந்த வேலையை ஓர் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தார். குழாயை அறுத்து, அளவாக வெட்டி, வெல்டிங் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். வெல்டிங் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் 60ஐத் தாண்டியதும் இருக்கைக்கு அடியில் ஒரு நடுக்கம். டயர் பேலன்ஸ் என்றார்கள், எஞ்சின் மவுண்ட் என்றார்கள், இரண்டையும் மாற்றினார். நடுக்கம் போகவில்லை. நான் ஷாஃப்டைக் கழற்றித் தரையில் வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சாக்பீஸால் நேர்க்கோடு போட்டேன். முன் முனையின் கவை, அதாவது ஜாயின்டைப் பிடித்திருக்கும் இரட்டைக் கிளை, கோட்டின் மேல் சரியாக நின்றது. பின் முனையின் கவை ஒரு விரல் அகலம் தள்ளித் திரும்பியிருந்தது. அவ்வளவுதான் கோளாறு.

அது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? ஷாஃப்டின் இரு முனையிலும் வளைந்துகொடுக்கும் இணைப்பாக யுனிவர்சல் ஜாயின்ட் இருக்கிறது. அது சாய்வாகச் சுற்றும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கூடிக் குறையும். மறுமுனையில் இருக்கும் ஜாயின்ட் அதே சாய்வில், கவைகள் ஒரே நேர்க்கோட்டில் இருந்தால் முதல் ஜாயின்ட் செய்த ஏற்ற இறக்கத்தை இது அப்படியே சரிக்கட்டிவிடும். கவை தள்ளிப்போனால் சரிக்கட்டாது. என் மைனரில் 90ல் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 3,400 முறை சுற்றுகிறது. எந்தப் பெட்டி போட்டாலும் இந்த எண் மாறாது, ஏனென்றால் ஷாஃப்டின் வேகத்தை முடிவு செய்வது சக்கரமும் பின் அச்சின் விகிதமும்தான். ஐந்தாவது கியரில் எஞ்சின் ஓய்வெடுக்கும், ஷாஃப்ட் எடுக்காது. நடுக்கம் நாளாவட்டத்தில் ஜாயின்டையும் பெட்டியின் பின் ஆயில் சீலையும் தின்றுவிடும்.

பெட்டி உட்காரும் சாய்வும் முக்கியம். பெட்டியின் வெளித்தண்டும், ஷாஃப்ட் போய்ச் சேரும் பின் அச்சின் பினியன் தண்டும் இணையாக இருக்க வேண்டும். அப்புறம் பின் அச்சு லீஃப் ஸ்பிரிங்கில் ஏறி இறங்குவதால், ஷாஃப்டின் முன்முனை நழுவி உள்ளே வெளியே போய்வர இடம் விட்டு நீளத்தை முடிவு செய்ய வேண்டும். அந்த அளவை ஜாக்கியில் தொங்கும் வண்டியில் எடுக்கக் கூடாது. சக்கரம் தரையில் இருக்க, உள்ளே ஆள் உட்கார்ந்திருக்கும்போது எடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது கியர் வேகமாகப் போவதற்கு அன்று. மைனரில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான், அதை மறந்து ஓட்டக் கூடாது. பெட்டியை மாற்றும் முன் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டுவிடுவதும் அவசியம். 35 ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்தில் ஆண்டுக்கு 45 நாள் வரைதான் சாலையில் ஓட்டலாம். அந்தக் கொஞ்ச நாளும் வீட்டுப் பிள்ளைகள் ஆசையோடு ஏறி உட்காரும்படி வண்டி இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஷாஃப்ட் வேலை கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அறுக்கும் முன்பே குழாயின் இரு முனையிலும் நீங்களே கோடு போட்டுக் கொடுங்கள். திரும்ப வாங்கும்போது அந்தக் கோடுகள் சேர்கின்றனவா என்று பாருங்கள். வெல்டிங்குக்குப் பிறகு மெஷினில் சுற்றவிட்டு பேலன்ஸ் பார்த்தார்களா என்று கேட்டு, அந்தச் சீட்டையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற வாகனப் பழுதுபார்ப்பாளர்,
ஈசூன்